வாசல் உபசாரம்

நாரின் நகரக் கல்லூரி ஒன்றில் பாதிப் பேருக்குக் கண் சிவந்து வீங்கியிருந்தது. விசாரிக்க வந்த அரசு டாக்டர் பெர்மெத்தையே, துணை முதல்வர் ஜூரா வாசலில் நிறுத்தி, இமையை இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டாள். போன வாரம் வந்தபோதும் இதே உபசாரம்தான்.

"எல்லாம் மலையிலேர்ந்து வந்த இடையர் வீட்டுப் பொண்ணுங்க கொண்டாந்தது. ஆட்டோட படுத்து எழுந்ததுங்க! விடுதியைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்," என்றாள் ஜூரா.

"இந்தப் பனியில அவங்க எங்க போவாங்க, அக்கா? சரி, யாருக்கெல்லாம் வரலை?"

"சுவரேறிக் குதிச்சு வர்ற சோம்பேறிங்களுக்கு! அதுங்களும் அதே விடுதிதான். ஒரு நாள்கூட என் சோதனைக்கு நின்னதில்லை."

"மத்தவங்க?"

"தினமும் காலையில நகம், காலரோட கண்ணையும் நானே பார்த்துடறேன். இதோ, கையுறைகூடப் போட்டிருக்கேனே!"

"ஒவ்வொருத்தருக்கும் மாத்துவீங்களா?"

"எதுக்கு? என் கைக்குத்தான் ஒண்ணும் ஒட்டாதே!"

பெர்மெத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாசல்ல நின்னு ஒவ்வொரு கண்ணுக்கும் வியாதியைப் பரிமாறினது நீங்க! துரத்தறது அந்தப் பிள்ளைங்களையா?"

கத்திவிட்டு, காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்த கண்ணைக் கசக்கப் போன பெர்மெத்தின் கை பாதியிலேயே நின்றது.