நீலக் கோடுகள்

"அந்தக் கையோட சமையலறைக்குள்ள வரப்படாது!"

ஜெயநகர் வீட்டின் நடையில் அலர்மேல்மங்கை மருமகளை மறித்து நின்றாள். முழங்கால் வலி தாங்காமல் ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தாள்.

"கையுறை போட்டுண்டுதான் தொட்டேம்மா," என்றாள் ஸ்ரீவித்யா.

"எதைத் தொட்டே? அதைச் சொல்லு."

"மாட்டு மூக்குக் குருத்தெலும்பு."

சோபாவிலிருந்த மாமனார் தேசிகன் காதைப் பொத்திக்கொண்டார். "பெருமாள் எழுந்தருளியிருக்கற ஆத்துல இதெல்லாம் நடக்காது. ஆராய்ச்சியை விட்டுடு!"

"விட மாட்டேம்பா."

பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். கண்ணாடி போன்ற ஜெல்லில் நீலக் கோடுகள்.

"குருத்தெலும்புல இருக்கற மூலக்கூறுகளை ஜெல்லுல விட்டு கரண்ட் குடுப்போம். முழுசா இருக்கறது மேலேயே நின்னுடும். உடைஞ்சது கீழே ஓடிடும். மூட்டு எப்படித் தேயறதுன்னு இதுல பார்க்கலாம்."

அலர்மேல்மங்கை போட்டோவை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "எல்லாம் மேலேயே நிக்கறதே?"

"இளம் மாடும்மா, தேய்மானமே இல்லை. தேஞ்சுபோன மனுஷ மூட்டு வேணும். அது இல்லாம ஆராய்ச்சி முடியாது. ஆஸ்பத்திரியில கெஞ்சிப் பார்த்துட்டேன், யாரும் தரமாட்டேங்கறா."

"எப்படித் தருவா? உடம்புல ஒரு பாகமாச்சே!" போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள். "இனிமே இந்த ஆத்துல அந்தப் பேச்சே வேண்டாம்."

ஸ்ரீவித்யாவின் கண் கலங்கியது. குரல் கலங்கவில்லை. "பேசலை. ஆனா நாளைக்கும் லேபுக்குப் போவேன்."

போனாள். மறுநாளும், அதற்கு மறுநாளும் போனாள். மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமியார் முழங்காலைத் தடவியபடி அவள் போவதைப் பார்த்தாள்.

அடுத்த மாதம் அலர்மேல்மங்கைக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். 1999-இல் அது பெரிய விஷயம். உறவுக்காரர்களெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடியிருந்தார்கள். ஸ்ரீவித்யா கடைசியில் ஒதுங்கி நின்றாள்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. சர்ஜன் கோவிந்தப்பா குனிந்து, "ஏனம்மா, பயமா?" என்று கேட்டார்.

"பயமெல்லாம் இல்லை. ஒண்ணு சொல்லணும்."

"அதெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம், பேசாம படு," என்றார் தேசிகன்.

அலர்மேல்மங்கை கணவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வெட்டி எடுக்கற எலும்பைத் தூக்கிப் போட்டுடாதீங்கோ டாக்டர்... என் நாட்டுப்பொண்ணு லேபுக்கு வேணும்!"