அக்கா போட்ட சுண்ணாம்பு

ஓர் உடம்புக்குள் ஒரு சிறுநீரகம் இருந்தது. நோயில் அதன் வடிகட்டிகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. மிச்சமிருந்தவை செத்தவற்றின் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, கூடுதலாக அம்மோனியா காய்ச்சி, அமிலத்தை அதில் ஏற்றி வெளியே தள்ளின.

"பாத்தியாக்கா! பாதி ஆளு போயும் ரத்தத்துல அமிலம் ஏறவேயில்ல!" என்று சிறுநீரகம் பக்கத்து முதுகெலும்பிடம் பீற்றிக்கொண்டது.

"உன் சாமர்த்தியம் யாருக்குடா வரும்!" என்று சிரித்த எலும்பு, லேசாக நெறிந்தது.

"என்னக்கா சத்தம்?"

"ஒண்ணுமில்லடா."

சிறுநீரகம் உற்றுப் பார்த்தது. அது தள்ள முடியாமல் விட்ட அமிலத்தை அடக்க, அக்கா தன் சுண்ணாம்பைக் கிள்ளிக் கிள்ளி ரத்தத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படியே போனா ஒடிஞ்சிடுவியே! ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் இழுத்துப் போட்டுக்குவ. உனக்கு மூச்சு வாங்குறது எனக்குத் தெரியாதா?"

அதுவரை யாரிடமும் எதையும் கேட்டறியாத சிறுநீரகம், மேலே பார்த்துக் கத்தியது. "ஏ நாக்கே! கறியக் குறைடி, அதுலதான் அமிலம் ஊறுது! எங்கக்கா கரையிறா!"

"அடப்பாவி, இத முன்னாடியே கேக்குறதுக்கென்ன?" என்றது நாக்கு.

அன்று மதியம் சுரைக்காய்க் கூட்டு இறங்கியது. "உப்பு பத்தல," என்று நாக்கு முணுமுணுத்தது.

அக்கா சிரித்தாள். இந்தத் தடவை நெறியவில்லை.