டிவியை அணைச்சாலும் பதியுமா?

"டிவியை அணைச்சுட்டாலும் இது ரெக்கார்ட் பண்ணுமா?"

மணியம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். நல்லவேளை, கடைக்காரர் பொறுமைசாலி.

"பண்ணும் சார். சேனல் பிடிக்கிற ட்யூனர் இதுக்குள்ளேயே இருக்கு. நேரத்தை மட்டும் செட் பண்ணுங்க, டிவியே தேவையில்ல."

"ஓடும்போது சத்தம் போடுமா?"

கடைக்காரர் அந்த டிவிடி ரெக்கார்டரை ஓடவிட்டுக் காட்டினார். மணியம் குனிந்து அதன்மேல் காதை வைத்துக்கொண்டார். வைத்த காதை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற வேதவள்ளிக்கு மானமே போனது.

"என்னங்க, தர்பூசணியா வாங்க வந்திருக்கோம்? எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே. வாங்கப்போறது நான்."

"எதுக்கு வாங்கணுங்கிறேன். ரெண்டு பேரும் நாள் முழுக்க வீட்லதான் கிடக்குறோம். நாடகம் வர்ற நேரத்துல பாக்காம, பதிஞ்சு வச்சு ராத்திரி பாக்கணுமா?"

"மத்தியானம் எனக்குத் தூக்கம் வேணும் வேதா. டிவி ஓடினா தூங்க முடியல."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல்.

பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். வேதவள்ளிக்கென்று மிச்சமிருந்தது அந்த மத்தியான இங்கிலீஷ் தொடர் ஒன்றுதான். ஆஸ்பத்திரிக் கதை. "இந்த வெள்ளைக்கார நாட்டு நடிகருங்க வாயைத் திறந்தே பேச மாட்டேங்கிறாங்க, எல்லாம் முணுமுணுப்புதான்" என்று திட்டிக்கொண்டே ஒரு நாள் விடாமல் பார்ப்பாள். அந்த டாக்டர் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

"பென்ரோஸ் கிடங்குல வேலை பாத்தவரைக்கும் நீங்க பகல்ல தூங்கினதே இல்லையே."

"இப்ப ஓய்வாயிட்டேன்ல. வயசாயிடுச்சு."

"எனக்குந்தான் வயசாச்சு. என் சந்தோஷத்தைக் கெடுத்துத்தான் உங்களுக்குத் தூக்கம் வரணுமா?"

மணியம் கடைக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஹார்ட் டிஸ்க் இருக்கறதையே குடுங்க. தினமும் டிஸ்க் மாத்தச் சொன்னா இவங்க அதுக்கும் என்னைத் திட்டுவாங்க."

மறுநாளே ஹில்ஸ்பரோவில் அவர்கள் வீட்டில் புதுச் சட்டம் வந்தது. மத்தியானம் டிவி கிடையாது. மணியம் சோபாவில் கையைத் தலைக்குக் கொடுத்துப் படுத்துவிடுவார். வேதவள்ளி சமையலறையில் பாத்திரங்களோடு கோபத்தைக் காட்டுவாள்.

இருட்டியதும் ரிமோட்டுக்காகக் கையை நீட்டுவாள்.

"போடலாமா?"

"கொஞ்சம் இரு."

"இன்னும் என்ன? அதான் தூங்கி எழுந்தாச்சே ஐயா."

சுவரை ஒட்டின பக்கத்து யூனிட் வீட்டிலிருந்து ஒரு கார் கிளம்பிப் போகும். அந்தச் சத்தம் தேய்ந்த பிறகுதான் ரிமோட் அவள் கைக்கு வரும்.

"இப்பப் போட்டுக்க. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் வச்சுக்க."

"பெரிய மனசுதான்" என்பாள் வேதவள்ளி.

ஞாயிற்றுக்கிழமை நெத்திலிச் சம்பல் செய்தாள். ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து யூனிட் கௌரிக்குக் கொண்டுபோனாள். கௌரி யாழ்ப்பாணத்துப் பெண், தனியாக இருக்கிறவள். வேதவள்ளிக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

"உங்க அங்கிள் மாதிரி ஒரு சுயநலக்காரரை நான் பாத்ததே இல்லம்மா" என்று ஆரம்பித்தாள். "தன் தூக்கத்துக்காக என் நாடகத்தைக் கொண்டுபோய் ஒரு பெட்டிக்குள்ள அடைச்சுட்டாரு."

ரெக்கார்டர் கதை முழுவதையும் கொட்டித் தீர்த்தாள். கௌரி சம்பலுக்கு நன்றி சொல்லக்கூட மறந்துபோனாள்.

மறுநாள் காலையில் மணியம் குப்பைத் தொட்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்த கௌரி காரை விட்டு இறங்கி நேராக அவரிடம் வந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி உங்களை அந்த ஏச்சு ஏசுறா. எனக்குத் தாங்கேல்லை. பகல் நித்திரை இல்லாமல் இரவு ஷிப்டில மெசினுக்குள்ள கையை விடப் பாத்தனான் எண்டு நான் வந்து சொன்னதாலதானே இவ்வளவும். நானே ஆன்ட்டியிட்ட உண்மையைச் சொல்லுறன்."

"சொல்லிடாதம்மா. நீ அன்னைக்கு அவ்வளவு நேரம் கதவைத் தட்டினியே, அவளும் அந்த ஹால்லதான் இருந்தா. அவளுக்குக் கேக்கவே இல்ல."

அப்போதுதான் கௌரிக்கு விஷயம் பிடிபட்டது.

"காது டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், கூப்பிடுவாங்க. தெரியவேண்டியது அங்க தெரிஞ்சுக்கட்டும். தான் வச்ச டிவி சத்தத்தாலதான் நீ தூங்கலன்னு தெரிஞ்சா, அப்புறம் அவ டிவிப் பக்கமே போகமாட்டா. உன் முகத்துலயும் முழிக்கமாட்டா. என்னைத் திட்டுறது ஒண்ணும் புதுசில்ல, திட்டட்டும்."

கௌரிக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துச் சமாளித்தாள்.

"இப்ப நான் நல்லா நித்திரை கொள்ளுறன் அங்கிள். நீங்களும் மத்தியானத்தில அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்குறீங்களாம், ஆன்ட்டி சொன்னா. அது எண்டாலும் உண்மைதானே?"

மணியம் தொட்டியின் மூடியைச் சரியாக மூடினார்.

"வேலை பாத்த உடம்பும்மா, பகல்ல எங்க தூக்கம் வருது? கண்ணை மூடிக்கிட்டுச் சும்மா கிடக்குறேன். அவ நம்பணுமேன்னு குறட்டைகூட விடுறேன். பாவம், அதுவும் அவளுக்குக் கேக்கல."