முத்திரை குத்திய மட்டை

பந்து ஜோலினின் காதோரம் சீறிக்கொண்டு பறந்தது. அடித்த பையன் ஓட, எதிரணியின் அடுத்த பையன் அதே அலுமினியப் பேஸ்பால் மட்டையை எடுத்தான்.

"அம்பயர், அந்த மட்டையை மாத்தச் சொல்லுங்க!" கோச் கர்டிஸ் மூன்றாவது முறையாகக் கத்தினார். பந்து வீசும் ஜோலின் அவருடைய மகள். அடிப்பவனுக்கும் அவளுக்கும் நடுவே நாற்பத்தாறே அடி.

அம்பயர் டெல்பர்ட் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினார். "ரெண்டு தரம் பார்த்தாச்சு, கோச். லீக் அனுமதி முத்திரை இருக்கு, விரிசல் இல்ல. இன்னும் என்ன?"

"தோத்துடுவோம்னு கோச்சுக்குக் குளிர்ஜுரம்!" எதிரணிப் பெற்றோர் கூச்சலிட்டார்கள்.

கர்டிஸால் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"காரணத்தைச் சொல்லுங்க, இல்லேன்னா உக்காருங்க. ஆட்டம் நடக்கட்டும்" என்றார் டெல்பர்ட்.

"அப்பா, மானத்தை வாங்காதீங்க!" ஜோலின் அங்கிருந்தே கத்தினாள். "அது என்னோட மட்டைதான். அவங்களோடது விரிசல் விட்டுடுச்சு, நான்தான் குடுத்தேன்."

"தெரியும்மா."

ஜோலின் பந்து வீசக் கையைத் தூக்கினாள். கர்டிஸ் மைதானத்துக்குள் ஓடிப்போய் மட்டையைப் பிடுங்கினார்.

"உள்பக்கத்தைச் சுரண்டி மெலிசாக்கியிருக்கு. பட்டா பந்து குண்டு மாதிரி வரும்."

"வெளியே ஒண்ணுமே தெரியலையே! உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டெல்பர்ட்.

கர்டிஸ் மகள் பக்கம் திரும்பவே இல்லை.

"இவ நல்லா அடிக்கணும்னு... நான்தான் சுரண்டினேன்."