முன், பின்

நாத்தனார் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். "இந்தக் காப்பர் பெப்டைட் சீரத்தைத் தலையில தேய்ங்க அண்ணி. முடிக்கு நானாச்சு" என்று நீல பாட்டிலைக் கொடுத்து, அன்றே ஒரு போட்டோ எடுத்தாள்.

"தேய்க்க ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு, எனக்கு ஒரு மாற்றமும் தெரியலையேம்மா?"

"பொறுங்க அண்ணி. என்னை நம்ப மாட்டீங்களா?"

நம்பினேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு போட்டோ எடுத்தாள்.

இன்று பார்லர் வாசலில் என் இரண்டு படமும் பெரிதாகத் தொங்கின. 'முன்' என்பதில் சொட்டை. 'பின்' என்பதில் அடர்ந்த கூந்தல்.

"அக்கா, இது நீங்கதானே? செம ரிசல்ட்டு! நானும் வாங்கப்போறேன்" என்றாள் ஒரு பெண்.

"அண்ணி, வீட்ல பேசிக்கலாம்" என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தேன்.

"'பின்'னு போட்டிருக்கே, அதாம்மா முதல் நாள் எடுத்தது."