காலி எடை

சட்டையைக் கழற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்குக் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு எடைக்கருவிமேல் ஏறி நின்ற பிறகுதான், கண்ணாடி இல்லாமல் முள் தெரியாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"ஏம்மா, கொஞ்சம் வந்து பாரேன்."

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து பார்த்தாள்.

"போன வாரம் நின்ன இடத்துலயேதாங்க நிக்குது."

மூச்சு முழுவதையும் வெளியே விட்டுப் பார்த்தார். முள் அசைவேனா என்றது. இறங்கிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

அவருக்கு எடைமேடையில் வேலை. கிடங்கு வாசலில் தகரக் கூண்டுக்குள் நாளெல்லாம் உட்கார்ந்து, வருகிற லாரியைக் காலியாக ஒரு தடவை, சுமையோடு ஒரு தடவை நிறுத்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். எத்தனையோ லாரிகளின் எடை அவர் சொன்னபடி கேட்டது. சொந்த எடைதான் முரண்டு பிடித்தது.

"லிவர்ல கொழுப்பு இருக்கு. அது கரையாம ஆபரேஷன் கிடையாது. கையில நாளும் அதிகம் இல்ல" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து வேகவைத்த காய், சூப், இரண்டு துண்டு ரொட்டி. வேலை முடிந்து இரண்டு நிறுத்தம் முன்னதாகவே பஸ்ஸை விட்டு இறங்கி, புழுதி அப்பிய முகத்தோடு நடந்தே வருவார். வீட்டுப் படியேறும்போது கால்கள் யாருடையவோ போலிருக்கும்.

"எதையோ கணக்குல சேர்க்காம விடுறேன்மா" என்று சமையலறை நாற்காலியில் சாய்ந்தார். "நேத்து ஒரு டிரைவர் மிட்டாய் கொடுத்தாரு, வேண்டாம்னு சொல்ல முடியல. அப்புறம் அந்த டீ. சர்க்கரை போடாதேன்னுதான் சொன்னேன். ஆனா கலக்கினது சர்க்கரை டப்பாவுல கிடந்த கரண்டியாச்சே?"

"கரண்டியில ஒட்டினதுக்கெல்லாமா கணக்கு பார்ப்பாங்க? விடுங்க."

"அப்படி விட முடியாதும்மா. டிரைவர் சீட்டுக்கு அடியில வச்சிருக்கற தண்ணிக் கேன்கூட எடைதான். சின்னதுதானேன்னு விட்டா, மொத்தத்துல வந்து உதைக்கும்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாக நின்று சமைப்பதில்லை. மகளைச் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டதிலிருந்து அடுப்பில் இரண்டே சட்டி. அவருடையதில் எண்ணெய் கிடையாது. அவளுடையதில் எண்ணெயும் கிடையாது, உப்பும் கிடையாது.

ஆனால் அவர் சூப் மட்டும் எப்படியோ அமிர்தமாக இருந்தது. "ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம இப்படி வைக்க உன்னாலதான் முடியும். கைப்பக்குவம்னா இது!" என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்கு நடுவே, மேடையில் ஏறிய ஒரு லாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு உறைத்தது. எடை கூடினால் எங்கேயோ சுமை ஏற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். லாரியையே முறைத்துக்கொண்டிருந்து என்ன பயன்? ஏற்றுகிற இடத்தையல்லவா பார்க்க வேண்டும்!

அன்று மாலை, அவள் குளிக்கப் போயிருந்தபோது எண்ணெய் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அடுத்த நாள் வேலை விட்டு வந்து, அவள் எதிரிலேயே மறுபடி வைத்தார்.

எடை நன்றாகவே இறங்கியிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். கண்ணாடிமேல் குற்றமில்லை.

கோபம் வந்திருக்க வேண்டும். அதற்குக்கூடத் தெம்பில்லை. பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணு இங்க இல்ல. நீ எண்ணெய் தொடறதில்ல. அப்புறம் இது எங்கம்மா போகுது?"

அவள் மறைக்கவில்லை. "உங்க சூப்புலதான்."

"எத்தனை நாளா?"

"டாக்டர் உங்களை இளைக்கச் சொன்ன நாள்ல இருந்து."

"நாய் மாதிரி நடக்கறேன். பசியில வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கறேன். கரண்டியில ஒட்டின சர்க்கரைக்கு அழுதேன், நீ பக்கத்துலயே இருந்து கேட்டுக்கிட்டு இருந்தே. கொழுப்பு கரையலேன்னா ஆபரேஷன் கிடையாதுன்னு அவர் சொன்னது உன் காதுல விழலயா?"

"விழுந்துச்சு. அதனாலதான் ஊத்தினேன்."

"அதனாலதானா? உயிர் போற விஷயம்மா இது! நான் என்னடி பாவம் பண்ணினேன் உனக்கு?"

ஸ்டூலிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் வந்து உட்கார அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. வீங்கிய தன் கால்களை மெல்ல நீட்டிக்கொண்டாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க லிவர்ல பாதியை வெட்டி எனக்கு வைக்க நான் விடமாட்டேங்க. பொண்ணுக்கு நம்மள்ல ஒருத்தராவது முழுசா இருக்கணும்."