ஆலை வாசல் வேகத்தடை

முதலில், ஆலை வாசலில் சாலையைக் கடந்த இரண்டு தையல் பெண்கள் லாரியில் அடிபட்டுச் செத்தார்கள். அடுத்து, வேகத்தடை கேட்டு மறியல் செய்தவர்களைப் போலீஸ் அடித்தது. அதற்கும் பிறகுதான் வேகத்தடை வந்தது; வெள்ளைக்கோடு போடக்கூட யாரும் வரவில்லை. ஆனாலும் அது தன் பிறப்பை நினைத்து நெஞ்சை நிமிர்த்தியே படுத்துக் கிடந்தது.

முதலாளியிடம் இரண்டு பந்தயக் கார்கள் இருந்தன. தினமும் ஓட்ட எது தோது என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரண்டும் வாசலில் நின்றன.

“மூணே நொடியில நூறைத் தொடுவேன்,” என்றது மஞ்சள் கார்.

“தொட்டு? இந்த மேட்டுல வயிறு உரசி அலறினியே. எனக்கு மூக்கைத் தூக்கப் பொத்தான் இருக்கு,” என்றது சிவப்பு.

“மெதுவாப் போனா ரெண்டு பேருக்கும் உரசாது, தம்பிகளா,” என்றது வேகத்தடை.

“மெதுவாப் போறதுக்கா எங்களை வாங்கினாங்க? நீ யாருய்யா, தார்க்கட்டி?” என்றது மஞ்சள்.

“மறியல்ல பிறந்தவன். பொம்பளைங்க இந்த ரோட்டைத் தாண்டுற வரைக்கும் இங்கதான் கிடப்பேன்.”

மறுவாரமே முதலாளி ஆள் வைத்து அதைப் பெயர்த்து ஓரத்தில் குவித்தார். குவியலாய்க் கிடந்தபடி வேகத்தடை பார்த்தது. ஷிப்டு முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரம். மஞ்சள் கார் எதிலும் உரசாமல் பறந்து வந்தது.

“முன்கண்ணாடி போச்சே உனக்கு,” என்றது சிவப்பு, கேலியாக.

ஏட்டையா நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்தினார். செத்தவளின் கழுத்தில் கிடந்த அட்டையைத் துடைத்துவிட்டு உரக்கப் படித்தார்.

“காஜா எடுக்கும் பிரிவு. மரகதவல்லி.”